கிளிசரின் போடாத நடிகை

பித்தவெடிப்புக்கு நான் பூசாத எண்ணெய் இல்லை. வேப்பெண்ணெய், நல்லெண்ணெய், கனடாவிலிருந்து தங்கச்சி அனுப்பிய வாயில் பெயர் நுழையாத களிம்பு எல்லாம் பூசிப் பார்த்தாயிற்று. காலமெல்லாம் சோக்குத்தூளிலும் தீவுப் புழுதியிலும் நடந்த ரீச்சருக்கு வேறெப்படிக் கால் வாய்க்கும்? போன வாரம் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனபோது மருந்துக்கடைத் தம்பி என் காலைக்கூடப் பார்க்கவில்லை. "கிளிசரின் பூசுங்கோ ரீச்சர், வேறை ஒண்டும் வேண்டாம்" என்று ஒரு சின்னப் போத்தலைப் பழைய பேப்பரில் சுற்றித் தந்துவிட்டார்.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் போத்தலைத் திறந்து விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். கிளிசரின் இனிக்கும் என்று எனக்கு முதன்முதல் சொன்னவர் ஜொசப்பின் மாமி. அது உண்மையா என்று இத்தனை வருடமாக நான் பார்த்ததில்லை. இனிக்கத்தான் செய்கிறது.

ஜொசப்பின் மாமி எனக்கு உறவில்லை. ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி இருந்தவர். அவர் ஒரு சினிமா நடிகை என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். மீன் வாடையும் கருவாட்டுப் பந்தலுமாக இருக்கிற கரையில் நடிகைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆனால் உண்மை. இலங்கையில் தமிழ்ப்படம் எடுத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில் நின்று தையல் படிக்கப் போனவர், மாதா கோயிலில் பாலன் பிறந்த நத்தார் நாடகத்தில் நடித்து, அதைப் பார்த்த யாரோ கூப்பிட்டுப் படத்துக்குப் போய்விட்டார். இந்திரலேகா என்று பெயரும் மாற்றிவிட்டார்கள். ஊரில் செய்தி வந்ததும் தகப்பன், "என்ரை மோள் கடலுக்கை விழுந்து செத்திட்டாள்" என்று சொல்லி, சின்னவயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த அவருடைய படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாராம்.

இரண்டாவது படத்தில் அவர்தான் கதாநாயகி. மீனவன் மனைவி. கடலுக்குப் போன புருசனின் உடம்பைக் கரையில் கொண்டுவந்து போடுவார்கள், அவர் விழுந்து அழவேண்டும். கமராக்காரர் மதராசிலிருந்து வந்தவர், கிளிசரின் போத்தலோடு கிட்ட வந்தாராம். அதற்குள் மாமி அழத் தொடங்கிவிட்டார். சொந்த ஊர்க் கரையும் அங்கே பார்த்த செத்தவீடுகளும் நினைவுக்கு வந்துவிட்டனவாம். கமராக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போத்தலைத் தூக்கி மணலில் எறிந்தார். இந்த இடம் வரும்போது மாமி கையை வீசிக் காட்டுவார். "மற்றப் பெட்டையளுக்கு அது கன்னத்தாலை வழிஞ்சு வாய்க்குள்ளை போயிடும், சீனிப்பாணி மாதிரி இனிக்குமாம். எனக்கு உப்புத்தான் தெரியும்" என்பார். எங்கள் ஊரில் செபம் தெரியாத பிள்ளை இருந்திருக்கலாம், இந்தக் கதை தெரியாத பிள்ளை கிடையாது.

அந்தப் படம் யாழ்ப்பாணத்துத் தியேட்டருக்கு வந்தபோது ஊரே பஸ் பிடித்துப் போனது. தகப்பனும் ஒருவருக்கும் சொல்லாமல் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு போய்க் குறைந்த காசுக் கலரியில் இருந்து பார்த்தார். வந்து முதல் நன்மைப் படத்தைத் திரும்ப நேரே வைத்தார். "கடல்தொழிலுக்குப் போறவனுக்கு இப்பிடி அழ ஒருத்தி வேணும்" என்றாராம். மகளுக்கு, உடனே வா என்று தந்தியும் அடித்தார்.

மூன்றாவது படம் பாதியில் நின்றது. முதல் போட்டவரிடம் காசு முடிந்தது என்றார்கள். பிறகு இந்தியப் படங்கள் அள்ளுகொள்ளையாக வர, இங்கே எடுப்பதற்கு ஆளில்லை. கொஞ்ச நாள் வானொலியில் சவர்க்கார விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தார். பிறகு ஊருக்கு வந்து கடல்தொழிலாளி ஒருவரைக் கட்டிக்கொண்டு மீன் காயவைத்தார். எண்பத்து மூன்றில் கொழும்பு எரிந்தபோது படப்பெட்டிகளும் எரிந்துபோயின. அவருடைய ஒரே மகன் அன்ரன், தாய் நடித்ததை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை.

அவனுக்குப் படம் காட்டியவர் விதானையார். கிராம சேவகர் என்று அரசாங்கம் எப்போதோ பெயரை மாற்றிவிட்டது, எங்களுக்கு அவர் விதானையார்தான். மெலிந்த மனிதர், சைக்கிளை ஓடுவதைவிட உருட்டுவதுதான் கூட. அந்தப் படத்தை வாரக்கணக்காகத் தினமும் போய்ப் பார்த்தவர். சங்கக்கடை வாங்கில் இருந்து முதல் காட்சியிலிருந்து சொல்லத் தொடங்குவார், பாட்டு வருமிடத்தில் பாடுவார், சண்டைக்குக் கை ஓங்குவார். அன்ரன் மோட்டர் திருத்திய எண்ணெய்க் கையோடு வந்து குந்தியிருந்து கேட்பான். "அம்மா அழுற இடத்தைச் சொல்லுங்கோ" என்பான். இருபது வயது கடந்த, மீசை முளைத்த ஆண்பிள்ளை! விதானையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லுவார்: "கிளிசரின் போடேல்லையடா கொம்மா. ஒரு சொட்டுப் போடேல்லை!"

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில் அழுவது ஒரு மரியாதை. அழ ஆளில்லாமல் போவது போல அவமானம் இல்லை. மாமி ஊருக்குத் திரும்பிய நாள் முதல் அவர் வந்துதான் ஒப்பாரி தொடங்கவேண்டும் என்றாகிவிட்டது. பெண்கள் பாயில் இருந்து படலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் வந்து பிரேதத்தின் கால்மாட்டில் இருந்து ஒரு குரல் எடுத்ததும் வீடே வெடித்து அழும். "ஜொசப்பின் அழாத பிரேதம் மோட்சத்துக்குப் போகாது" என்று பகிடியாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் எங்களிடம் மிச்சமாக இருந்தவை இப்படியான பகிடிகள்தான். கடலுக்குப் பாஸ், ரவுணுக்குப் போகச் சோதனை, ஆறு மணிக்குப் பிறகு படலையைத் திறக்க ஏலாது. செத்தவீடுகளுக்கு மட்டும் குறைவில்லை.

அன்ரனின் தகப்பனும் அப்படித்தான். விடியப் போனவரின் வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. ஆளை மூன்றாம் நாள் கடல் தந்தது. ஏன், எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்கிற இடமும் இல்லை. படத்தில் வந்த அதே காட்சி, அழுகிற அதே ஆள், கரை மட்டும் சொந்தக் கரை. மாமி அன்று அழுத அழுகையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அதற்கு அடுத்த வருடம், தொண்ணூற்றெட்டு என்று நினைக்கிறேன், தவக்காலத்தில் பெரிய வெள்ளிக்குப் பாஸ்கா நாடகம் போடலாம் என்றார் சுவாமியார். இடம்பெயர்ந்து திரும்பிய சனத்துக்கு ஏதாவது வேண்டும். மாதா வேடம் யாருக்கு என்று கேள்வியே எழவில்லை. எனக்கும் ஒரு வேடம் தந்தார்கள், யெருசலேம் பெண்களில் ஒருத்தி. புதிதாக ரீச்சராகியிருந்த திமிரில் நான் அழுத அழுகையைப் பார்த்து இயேசுவாக நின்ற பேக்கரி அண்ணை சிலுவையோடு சிரித்துவிட்டார். "பிள்ளை, நீர் அழ வேண்டாம், முக்காட்டைப் போட்டுக்கொண்டு குனிஞ்சு நில்லும்" என்றார் மாமி. அவர் மட்டும் ஒத்திகையில் அழவில்லை. "இப்பவே அழுது முடிக்கிறதோ? அண்டைக்குப் பாருங்கோவன்" என்றார். நாங்களும் நம்பினோம்.

குருத்து ஞாயிறு கழிந்து இரண்டொரு நாளில், ரவுணுக்குப் போன அன்ரன் திரும்பி வரவில்லை. அதே பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள்: கடல்பாதையில் ஆமி மறிக்கிற சென்றியில் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள், அன்ரனின் சேட்டுப் பைக்குள் ஒரு போத்தல் இருந்தது, அவனை நிற்கச் சொல்லிவிட்டு பஸ்ஸைப் போகச் சொன்னார்கள்.

அடுத்த நாள் காலை மாமி ஆமி முகாமுக்குப் புறப்பட்டார். ஊர் ஆள்தான் என்று உறுதி சொல்ல விதானையார் வரவேண்டும், அது நடைமுறை. துணைக்கு நான். விதானையார் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் போனார். மாமி என் கையைப் பிடித்து நடையைக் குறைத்தார்.

"அது கிளிசரின், பிள்ளை. நான்தான் வாங்கிவரச் சொன்னனான்."

எனக்கு விளங்கவில்லை. "என்னத்துக்கு மாமி?"

"கண் காஞ்சு போச்சு. மனுசனுக்கு அழுததோடை எல்லாம் முடிஞ்சுது. செத்தவீட்டிலை சீலைத் தலைப்பாலை மூடிக்கொண்டு குரலை மட்டும்தான் எடுக்கிறனான், ஒருத்தருக்கும் தெரியாது. பெரிய வெள்ளிக்கு லைற்றுக்குக் கீழை நிக்கேக்கை முகத்தை எங்கை ஒளிக்கிறது?" முன்னால் போன சைக்கிளைப் பார்த்தார். "விதானையாருக்குச் சொல்லிப்போடாதை. அந்த மனுசன் தாங்காது. உள்ளுக்கை நானே அவங்களுக்குச் சொல்லுறன்."

அந்த நேரத்திலும் தன் ரசிகன் ஒருவனின் மனசு நோகக்கூடாது என்று நினைத்தார். வெட்கமும் இருந்தது. எது கூட, எது குறைய என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

படலையடியில் என்னை நிறுத்திவிட்டார்கள். மாமியை முதலில் கூப்பிட்டார்கள், விதானையார் வாசலில் இருந்த வாங்கில் காத்திருந்தார். மாமி வெளியே வந்தபோது முகம் ஓலை போல வெளுத்திருந்தது. அவரை என் பக்கம் அனுப்பிவிட்டு விதானையாரைக் கூப்பிட்டார்கள். "சொல்லிப்போட்டன்" என்றார் மாமி. "நடிகை, நடிக்கிறதுக்கு வாங்கினது எண்டு சொன்னனான். தமிழ் தெரிஞ்சவன் ஒருத்தன் பெரியவனுக்குச் சொன்னான். நடிகையெண்டா அழுது காட்டட்டாம்."

"அழுதியளோ மாமி?"

"வரேல்லை. உள்ளுக்கை பிள்ளை இருக்கிறான், எனக்கு ஒரு சொட்டு வரேல்லை. அதுதான் ஐயா போத்தல் வாங்கினது எண்டு சொன்னனான். சிரிச்சாங்கள். விதானையைக் கேப்பம் எண்டு சொல்லுறாங்கள்."

விதானையார் வெளியே வந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார், அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சைக்கிளை எடுத்துக்கொண்டு முகாம் மறையும் வரை நடந்தார். பிறகு திரும்பி மாமியைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, இனிப் பயப்பிடாதையும். உம்மைப் பற்றி நல்லாச் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னனியள்?"

"இவ நடிகையோ எண்டு கேட்டாங்கள். ஓம், எங்கடை ஊருக்கே பெருமை எண்டன். அழுறதுக்குக் கிளிசரின் பாவிக்கிறவவோ எண்டு கேட்டாங்கள்." விதானையாருக்குச் சிரிப்பு வந்தது. "என்ன கதை ஐயா கதைக்கிறியள், அவவின்ரை கைக்குக் கிளிசரின் போத்தல் போனதே இல்லை, மதராஸ் கமராக்காரனே தூக்கி எறிஞ்சவன், ஊரிலை ஆரையும் கேட்டுப் பாருங்கோ எண்டன். எல்லாத்தையும் எழுதினவங்கள்."

மாமி அப்படியே வீதியில் குந்திவிட்டார். விதானையார் தலைசுற்று என்று நினைத்துத் தண்ணீர் தேடினார். நான்தான் அவருக்குச் சொன்னேன், அன்ரனின் பையில் இருந்த போத்தல் எது, யாருக்கு என்று. அவர் சைக்கிளைக் கைவிட்டார், அது விழுந்து பெடல் சுற்றிக்கொண்டே கிடந்தது. அந்தச் சாமானோடு வேறு ஏதோ சேர்த்தால் நெருப்பு வைக்கலாம் என்று உள்ளே அவரிடம் சொன்னார்களாம். அது அன்ரனின் பையில் இருந்த போத்தலைப் பற்றிய பேச்சு என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"பொய்யெண்டு சொல்லிப்போட்டு வாறன், நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லுறன்" என்று வந்த வழியே ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். படலை பூட்டியிருந்தது. நின்றவனுக்குத் தமிழ் தெரியாது, விதானையாருக்குச் சிங்களம் நாலு சொல்தான் தெரியும். கையால் அழுது காட்டினார், போத்தல் பிடித்துக் காட்டினார், கண்ணைத் தொட்டுத் தலையை ஆட்டினார். நின்றவன் துவக்கால் போகச் சொன்னான். ஊரெல்லாம் படம் நடித்துக் காட்டிய மனிதர் கடைசியாக நடித்தது அதுதான்.

மறுநாள் போனபோது அப்படி ஒருவரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள். அதற்கு மறுநாளும் அதையே சொன்னார்கள்.

சுவாமியார் நாடகத்தை நிற்பாட்டச் சொன்னார். மாமி கேட்கவில்லை. "சனம் வரும், அவங்களும் பாக்க வருவாங்கள் சுவாமி. நான் ஆர் எண்டு பாக்கட்டும்" என்றார். பெரிய வெள்ளியன்று ஜெனரேற்றர் வெளிச்சத்தில், கறுத்த முக்காட்டோடு சிலுவையடியில் நின்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கண் மட்டும் சிலுவையில் தொங்கிய பேக்கரி அண்ணையை இமைக்காமல் பார்த்தது. இறந்த மகனை மடியில் கிடத்தியபோது அண்ணையின் தலைமுடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் விட்டார், ஒத்திகையில் அப்படிச் செய்யவில்லை. குனிந்து நின்ற எனக்கு அன்றுதான் உண்மையான அழுகை வந்தது, முக்காட்டுக்குள்ளே ஒருவருக்கும் தெரியவில்லை. முகாமிலிருந்து ஒருவரும் வந்திருக்கவில்லை. கலைந்து போகும்போது எனக்குப் பின்னால் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு போனார்கள்.

"மாதா இந்தமுறை சரியில்லை. முந்தின ஜொசப்பின் இல்லை."

"அழவே இல்லையே. பெடியன் எங்கை எண்டு அவவுக்குத் தெரியும் போலை. வன்னிக்கு இயக்கத்திட்டை அனுப்பியிருப்பா."

ஒரு கிழமைக்குள் ஊரே அதை நம்பியது. குறைசொல்லி என்ன? எங்கள் ஆட்களுக்குத் துக்கம் என்றால் கண்ணீர். கண்ணீர் இல்லையென்றால் துக்கம் இல்லை. அப்படி எங்களைப் பழக்கியதும் அவர்தான். மாமிக்கும் அந்தக் கதை வந்தது. விதானையார் படலைக்கு வெளியே நின்று, "என்னை மன்னிச்சுக்கொள்ளும் தங்கச்சி" என்று சொன்ன அன்று நான் அங்கே இருந்தேன். "நீங்கள் பொய் சொல்லேல்லையே விதானையார்" என்றார் மாமி. "அண்டைக்கு வழியிலை உங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். என்ரை வெக்கம் என்ரை பிள்ளையைத் திண்டிட்டுது." பிறகு கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். விதானையார் அதற்குப் பிறகு சங்கக்கடை வாங்கில் இருக்கவில்லை. அந்தப் படத்தை வாயால் சொல்லக்கூட ஊரில் ஆளில்லாமல் போனது.

சமாதான காலம் வந்தது. பாதை திறந்து, வெளிநாட்டிலிருந்து சனம் வந்து இறங்கியது. ஒருநாள் பழைய படங்களைப் பற்றி எழுதுகிறவர் என்று ஒரு தம்பி மாமியைத் தேடி வந்தார். மெத்தப் பணிவு. அம்மா, அம்மா என்று கேள்வி கேட்டார், ரேப்பில் பதிந்தார். கடைசியில், உங்கள் படம் ஒன்று வேண்டும் என்றார். மாமி அலுமாரியைத் திறந்து அன்ரனின் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"என்ரை படம் வேண்டாம் தம்பி. இவன்ரை படத்தைப் போடுங்கோ. கண்ட ஆக்கள் சொல்லச் சொல்லி எழுதுங்கோ."

தம்பி தலையாட்டினார். மூன்று மாதம் கழித்துப் பத்திரிகை வந்தது. கரையில் விழுந்து அழும் இளம் இந்திரலேகாவின் படம் பெரிதாக. எங்கிருந்தோ தேடி எடுத்திருந்தார், அதற்காக நன்றி சொல்லத்தான் வேண்டும். கிளிசரின் போடாத கதையும் விரிவாக இருந்தது. அன்ரனைப் பற்றி ஒரு வரி இல்லை. மாமி அதை வாசித்துவிட்டு மடித்தார். "வடிவா எழுதியிருக்கிறான்" என்றார். அந்தத் தம்பி மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

யுத்தம் திரும்பி வந்து, முடிவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் இருக்கையில் மாமி செத்தார். காய்ச்சல் என்றார்கள். பொழுது சாயமுன் அடக்கவேண்டும் என்பதால் எல்லாம் அவசரம். பெண்கள் வந்து பாயில் இருந்தோம். ஒருவரும் அழத் தொடங்கவில்லை. எனக்கு முதலில் காரணம் விளங்கவில்லை, பிறகு பார்த்தால் நான் உட்பட எல்லாரும் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று ஒவ்வொருத்தியாக விளங்கியபோது, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. விதானையார்தான், ஆண்பிள்ளை, வெளியில் கதிரையில் இருந்தபடி ஒரு குரல் எடுத்தார். ராகமும் இல்லை, சொல்லும் இல்லை. எங்கள் ஊரில் ஆண்கள் அப்படி அழுவதில்லை, ஆனாலும் ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை.

இப்போது அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் உடுப்புக்கடை. சங்கக்கடை வாங்கு இல்லை, விதானையாரும் இல்லை. மாமியின் வளவில் ஆடு மேய்கிறது. செத்தவீட்டில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போடுகிறார்கள், அழவேண்டிய கரைச்சல் இல்லை.

போன வாரம் போத்தலோடு திரும்பி வந்தபோது கடல்பாதையில் பஸ் வேகம் குறைக்கவில்லை. சென்றி இருந்த இடத்தை நான் எப்போதும் பார்ப்பேன். உடைந்த சீமெந்துத் தரை ஒன்று மட்டும் கிடக்கிறது, அதில் யாரோ வலை காயப்போட்டிருந்தார்கள். ஒருவரும் மறிக்கவில்லை, இறங்கச் சொல்லவில்லை, மடியில் இருப்பது என்னவென்று கேட்கவில்லை. ரவுணில் வாங்கிய கிளிசரின் போத்தல், ஒரு மணித்தியாலத்தில் வீடு வந்து சேர்ந்துவிட்டது.